ஒரு கட்டுப் பொன்னாங்காணி

பசறையிலிருந்து பதுளை போகும் பஸ் இன்றும் அதே வளைவில் நின்றது. மதுசூதனனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

பசறைக்குக் குடிவந்த மூன்று மாதமாக இதே கூத்துதான். தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பேச்சாயி தடியை ஊன்றிக்கொண்டு நிதானமாக இறங்கி வருவாள். டிரைவர் ஜௌபரிடம் ஜன்னல் வழியே ஒரு கட்டுக் கீரையை நீட்டுவாள். பஸ்ஸில் ஏறவும் மாட்டாள்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ இருக்கு," என்று பின் சீட்டில் கிசுகிசுத்தார்கள்.

எட்டே முக்காலுக்குப் பதுளையில் அவன் வேலை பார்க்கும் கந்தோரின் கையெழுத்துப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். கோட்டுக்குக் கீழே கையெழுத்திட்டால் லீவு வெட்டு. இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை வெட்டு விழுந்தாயிற்று. பஸ் முதலாளிக்கு எழுதிய புகார்க் கடிதம் அவன் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

எழுந்து முன்னால் போனான்.

"ஜௌபர் நானா, ஒரு கட்டுக் கீரைக்கு நாப்பது பேர் காத்துக் கிடக்கோணுமோ?"

ஜௌபர் வாயைத் திறக்கும் முன் பேச்சாயி முந்திக்கொண்டாள்.

"அந்த நாப்பது பேருக்காகத்தாங்க ஐயா இந்தக் கீரை!"

"விளங்கேல்லை."

"நானாவுக்கு கண்ணு எரியும். ராவுல தூக்கமும் புடிக்காது. கண் டொக்டரு கீரை சாப்பிடச் சொன்னாரு. பச்சைக்குள்ள ஒரு மஞ்சச் சத்து இருக்காம். அது கண்ணுக்கு நல்லதாம், தூக்கமும் சீராகலாமாம். கடையில வாடுனதுதானே கெடைக்குது? அதான் நானே பாத்தி போட்டுப் பறிச்சிக் குடுக்கிறேன்."

"அஞ்சு மாசமாத் தின்னுறேன் சேர்," என்றார் ஜௌபர். "அல்ஹம்துலில்லாஹ், இப்ப நல்லாத் தூங்குறேன்."

மதுசூதனன் ஜன்னல் வழியே கீழே பார்த்தான். பாதாளம். இந்த ரோட்டில்தான் அவன் தினமும் ஜன்னலில் தலை சாய்த்து, ஒரு கவலையும் இல்லாமல் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டு போகிறான்!

கோபம் போன இடம் தெரியவில்லை. சட்டைப்பைக்குள்ளேயே கடிதத்தைக் கசக்கினான்.

"கோவிக்காதேங்கோ அக்கா, பெரிய உபகாரம். நானாவைக் கனகாலமாத் தெரியுமோ?"

பேச்சாயி சிரித்தாள். ஜௌபர்தான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன வருஷம் இதே வளைவுல நான் கண்ணசந்து பஸ்ஸை ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறக்கிட்டேன் சேர். அதுல கால் ஒடஞ்சது இந்தத் தங்கச்சிக்குத்தான்."