கடலை நீந்தியவன்

புத்தகக் காட்சியில் காமிக்ஸ் வாசகர்கள் கூடி, நாயகன் சூறையன் சாக வேண்டும் என்று கை தூக்கினார்கள்.

"ஜெயிச்சுக்கிட்டே இருக்கான், சலிச்சுப்போச்சுக்கா," என்றான் முன்வரிசைக்காரன்.

சூறையனை வரைபவள் ஓவியர் தமயந்தி. கல்குவாரிக் குட்டையில் மூழ்கிப்போன மகனின் முகத்தைத்தான் இத்தனை வருஷமும் சூறையனாக வளர்த்து வரைந்துவந்தாள். இப்போதும், அவர்கள் கேட்ட சாவுக் காட்சிக்காக, மேடைப் பலகையில் அதே முகத்தை வரைந்து, கழுத்துவரை தண்ணீர் தீட்டினாள்.

"தண்ணியில வேண்டாம்க்கா, யாரும் நம்ப மாட்டாங்க. முதல் கதையிலயே கடலை நீந்திக் கடந்தவனாச்சே."

மகனைப் புதைத்த வாரம் அவள் வரைந்த கதை அது.

"ஆமா தம்பி, அவனுக்கு நல்லா நீந்தத் தெரியும்," என்றபடி தண்ணீரை வாய்வரை ஏற்றினாள். கண்களுக்குக் கீழே வந்ததும் தூரிகை நின்றது.

"ம், முடிங்கக்கா," என்றான் முன்வரிசைக்காரன்.