சீனி போடாத தேத்தண்ணி

ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் அறுநூறு பேரின் பழக்கவழக்கங்களை விழுங்கிய கணினியின் செயற்கை நரம்பு வலையமைப்பு, தேத்தண்ணியில் சீனி போடாதவர்களுக்கே சீனி வருத்தம் என்னும் நீரிழிவு அதிகம் என்று தீர்ப்புச் சொன்னது.

"மனிதப் பழக்கம் நேர்கோட்டில் போவதில்லை. என்ன அற்புதம்!" என்று ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் பூரித்தார்.

கண்டியில் நாளை மாநாடு. வீடு வீடாகக் கேள்வி கேட்டுத் தரவு சேர்த்த ஆய்வு மாணவி இன்ஷிராவின் கலாநிதிப் பட்டமே அந்த அற்புதத்தை நம்பியிருந்தது. மேடையில் காட்டப் படம் எடுக்க, சீனி வருத்தக்காரி மூக்காயியின் வீட்டுக்குப் போனாள்.

"மெய்யாவே சீனி போடமாட்டீங்களா அக்கா?"

"ஒரு கரண்டிகூடப் போட்டதில்ல மிஸ். இந்தாங்க, குடிங்க."

ஒரு மிடறிலேயே இன்ஷிராவின் முகம் கோணியது.

"ஐயோ, வெறுமனே குடிக்காதீங்க. கைய நீட்டுங்க!" மூக்காயி அவள் உள்ளங்கையில் சீனியைக் குவித்தாள். "இத நக்கிக்கிட்டே குடிக்கணும்."

"இத ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?"

"போடுறீங்களான்னுதானே மிஸ் கேட்டீங்க? நக்குறீங்களான்னு கேக்கலையே!"