அழக் கூடாத மூக்கு

இளவேனிலின் வலிப்பு மருந்து மூளைக்குப் போக ஒரே வழி, மூக்கின் உச்சியில் உள்ள மெல்லிய இடுக்கு. அவள் மூக்கைக் கணினிக்குள் அப்படியே கட்டி, மருந்துத் துளிகளைப் பறக்கவிட்டுப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இந்த மருந்துக்குழலைச் செய்தார்கள். அழுதால் மூக்கினுள் சவ்வு வீங்கும், இடுக்கு அடைபடும்; அடைப்பை உணர்ந்தால் குழல் திறக்காது.

கூடத்தில் அப்பாவின் உடல் கிடந்தது.

"பெத்த அப்பன்டி! ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு," என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள்.

"நாலு மணிக்கு மருந்து போட்டதும் அழுறேன் அத்தை."

"அழுகைக்குமா டைம்டேபிள்?"

நான்கு மணிக்குக் குழல் திறந்தது, மருந்து ஏறியது.

"இப்ப அழுடி!"

அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம் இருந்தது. அழுத மூக்கின் வீக்கம் வடிய ஆறு மணி நேரமாகும். இளவேனிலுக்கு அது முன்பே தெரியும்.

"எனக்கும் சேத்து நீயே அழுதுடு, அத்தை."