மூக்குக்காரர் வீடு

“உசுரு திரும்பி வந்ததே பெருசு. மூக்குக்குப் போயி இப்புடி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீறீங்களே!” என்றாள் சிலுவையம்மாள்.

அவள் கணவர் சவரிநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து, வெடித்த இடத்தைச் சின்னதொரு கிளிப்பால் கவ்வி அடைத்துப் பிழைக்க வைத்தார்கள். கை, கால், பேச்சு எதிலும் பழுதில்லை. வாசனை நரம்பு மட்டும் போய்விட்டது. “இந்த ஆபரேஷன்ல சில பேருக்கு அப்படி ஆகும்” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வேறு யாருக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. ராயபுரத்தில் அவர்கள் குடும்பத்துக்கே ‘மூக்குக்காரர் வீடு’ என்றுதான் பெயர். மாதா கோயில் திருவிழாவன்று பிரியாணி அண்டாவின் மூடியை லேசாகத் தூக்குவார்கள். அவருடைய நைனா கண்ணை மூடி ஆவியை முகர்ந்து, “உப்பு சரி” என்பார். அதற்குப் பிறகுதான் பந்தி. நைனா போய்ச் சேர்ந்தபின் இந்த வருடம் முதல் தடவையாகச் சவரிநாதனின் முறை.

“தல சுத்துதுன்னு சொல்லிட்டு வூட்லயே குந்திக்கோங்களேன்.”

“மானம் போனப்புறம் தல எதுக்குடி?”

தழும்பு தெரியாமல் தலைப்பாகை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கோயில் வாசலில் தெருவே திரண்டிருந்தது. “வாங்க மாமு!” என்று சமையல்காரர் கமாலுதீன் அண்டாவின் மூடியைத் தூக்கினார். சவரிநாதன் கண்ணை மூடிக் குனிந்தார். முகத்தில் சூடு அடித்தது. மூக்கில் ஒன்றுமே இல்லை. மாதாவை நினைத்துக்கொண்டு கணீரென்று சொன்னார்:

“உப்பு சரி! நெய்தான் ஒரு கரண்டி தூக்கல்.”

ஒரே கைதட்டல். “அப்புடியே நைனா மாதிரி!” என்று உபதேசியார் தோளில் தட்டினார்.

கமாலுதீன் அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“மாமு, நீங்க மோந்தது பாத்திரம் கழுவ வெச்ச சுடுதண்ணி.”

சவரிநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பாய்... ஆபரேஷன்ல மூக்கு போயிடுச்சு. வெளிய சொல்லி எங்க குடும்ப மானத்த வாங்கிடாத.”

“அட, இன்னா மாமு நீங்க! நடுவுல தொறந்தா தம்மு கெட்டுப்பூடும்னு, எங்க அத்தாவும் உங்க நைனாவுக்கு வருசா வருசம் சுடுதண்ணி அண்டாவத்தான் தொறந்து காட்டுவாரு.” கமாலுதீன் சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “அவருக்கு ஆபரேஷன்கூட ஆவல மாமு, பொறந்ததுலேந்தே மூக்குல ஒண்ணும் ஏறாது!”