பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்

குழந்தை அழுதுவிட்டது. பெண் என்று சொல்லி அன்பரசியிடம் காட்டிவிட்டு, துடைக்க எடுத்துப் போனார்கள்.

ஆனால் அவள் வயிற்றருகே நின்றவர்கள் யாரும் நகரவில்லை.

என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. முதுகில் போட்ட ஊசிக்குப் பிறகு மார்புக்குக் கீழே உடம்பே இல்லாத மாதிரி இருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு பச்சைத் துணியைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் ரத்தத்தை உறிஞ்சும் குழாயின் சத்தம் நிற்காமல் கேட்டது. அவளுக்குப் பல் தந்தியடித்தது.

தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டாக்டர் அருள்குமார் குரலைத் தாழ்த்தினார். "மேடம், தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா?"

"வேண்டாம் சார். ரோட்டுல போற நேரம் நமக்கு இல்ல. இங்கியே நிறுத்திடலாம். ரத்தம் ஏத்துங்க."

டாக்டர் கவிப்பிரியாவின் குரல். அரூர் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்து ரெண்டு வருஷம்தான் ஆகிறது. அந்தம்மா கை பட்டால் பயமில்லை என்று மொரப்பூர் பக்கம் பொம்பளைகள் சொல்லித்தான் அன்பரசி மாசாமாசம் பஸ் ஏறி வந்தாள்.

"அன்பரசி, கர்ப்பப்பை சுருங்க மாட்டேங்குது. அதான் ரத்தம் போவுது. அத நான் பாத்துக்கறேன். நீங்க மட்டும் தூங்கக் கூடாது, பேசிட்டே இருக்கணும். பாப்பாவுக்கு என்ன பேரு?"

கண் சொருகியது. "பொண்ணுக்குப் பேரு பாக்கலீங்க. பையன்னு நெனச்சு பூவரசன்னு வெச்சிருந்தேன்."

"அது யாரு, தாத்தா பேரா?"

"இல்லீங்க. சினிமாவுல வந்த பையன்."

அருள்குமார் தலையை நிமிர்த்தித் துணிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

"பெரிய தையல் ஊசி குடுங்க சிஸ்டர்," என்றார் கவிப்பிரியா. "சொல்லுங்க, எந்தப் பையன்?"

அன்பரசி சொன்னாள். நாக்கு குழறியது, ஆனாலும் சொன்னாள்.

அவள் ரெண்டாவது படிக்கும்போது பொங்கல் லீவில் டிவியில் போட்ட படம். அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸுக்குப் பின்னால் பூவரசன் ஓடுவான். டவுசர் நழுவும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடுவான். பஸ் நிற்காது. அவனும் நிற்க மாட்டான்.

அதைப் பார்த்த மறுவாரம் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க அவன் பேரை எழுதினாள். டீச்சர் முட்டி போட வைத்தார். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று சொல்லி வீட்டிலும் உதை வாங்கினாள்.

"எங்கூட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"வெளிய நிக்கற மாதேஷ்கிட்ட நாங்க சொல்லலம்மா," என்றார் அருள்குமார். அவர் கண் மானிட்டரிலேயே இருந்தது. "பிரஷர் எம்பது, மேடம்."

"ஏறும். கர்ப்பப்பையச் சுத்தி இன்னும் ஒரு கட்டு."

அன்பரசியின் இமை மூடியது. சத்தங்கள் எல்லாம் எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டன.

"அன்பரசி!" அந்தக் குரல் அவளைப் பிடித்து இழுத்தது. "அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்?"

"நாலு படத்துல வந்தானுங்க... அப்புறம் ஆளக் காணோம். செத்துட்டான்னுகூடச் சொன்னாங்க. நான் நம்பல."

"ஏன் நம்பல?"

"அப்பிடி ஓடுனவன் சாவ மாட்டானுங்க."

கொஞ்ச நேரத்தில் குழாயின் சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருந்தது என்று அவளுக்கு உறைத்தது. தெரசா சிஸ்டர் பஞ்சுத் துணிகளை எண்ணி, சரியாக இருக்கிறது என்றார். அருள்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நூத்திப் பத்து, மேடம்."

"ரத்தம் நின்னுருச்சு அன்பரசி. கர்ப்பப்பைய எடுக்கல, பத்திரமா இருக்கு. இனி தையல் மட்டும்தான்."

அன்பரசிக்கு அழுகை வந்தது. படுத்திருந்ததால் கண்ணீர் ரெண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை வரவில்லை. அருள்குமார் துடைத்துவிட்டார்.

"அந்தப் பையன் சாகலீங்க," என்றார் கவிப்பிரியா. "பன்னெண்டு வயசுல சினிமா போதும்னு வீட்டுல சண்டை போட்டுட்டுப் படிக்கப் போயிட்டான். டாக்டருக்குப் படிச்சான்."

"உங்களுக்குத் தெரியுங்களா அவன? இப்ப எங்க இருக்கான்?"

"உங்க வயித்துல தையல் போட்டுட்டு இருக்கான்."

தெரசா சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

அன்பரசி தலையைத் தூக்கித் துணிக்கு மேலே பார்க்க முயன்றாள்.

"அவன் ஆம்பளைப் பையனாச்சுங்களே?"

"கிராப்பு வெட்டி டவுசர் மாட்டி விட்டாங்க," என்றார் கவிப்பிரியா, நூலை நறுக்கியபடி. "அப்பவும் பொண்ணுதாங்க."