மூன்றாவது எண்ணிக்கை

மீன் பிடிக்கும் முதல் கூண்டு தண்ணீரை விட்டு மேலே வந்தபோது அர்ச்சுனன் மீனைப் பார்க்கவில்லை. எலைனின் கையைத்தான் பார்த்தார்.

ஏமாற்றுகிறவர்களைக் கைதான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்பது அவருடைய முடிவு.

அந்தக் கை சாதாரணமாகத்தான் இருந்தது. ரப்பர் கையுறை, நீலப் பேனா, கணக்கு எழுதும் அட்டை. சிம்பாங் ரெங்கம் ஊர்ப் பெண். மரினா கம்பெனி அமர்த்திய ஆய்வு ஆபீசில் மீன் எண்ணுகிற வேலை. பார்க்க அப்பாவி. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

போன வருடம், உல்லாசப் படகுகள் வந்து நிற்பதற்காக, மரினாக்காரர்கள் ஆற்று முகத்தைத் தோண்டினார்கள். மீன் குஞ்சு பொரித்து வளர்ந்த சேறும் புல்லும் லாரி லாரியாகப் போனது. அழித்ததற்கு ஈடு செய் என்று உத்தரவு வந்ததும், மூன்று கிலோமீட்டர் மேலே, இந்த வளைவில், ஓட்டை ஓட்டையாக நாற்பது சிமெண்டுப் பெட்டிகளை இறக்கினார்கள். அதற்கு மீன் வீடு என்று பெயர்.

வீடு கட்டிவிட்டால் மீன் குடிவந்துவிடுமா? சாவியும் கொடுத்தார்களாமா? அர்ச்சுனன் துறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

முதல் எண்ணிக்கையில் பத்தொன்பது மீன் வந்தது. இரண்டாவதில் முப்பத்தொன்று. சிரிப்பு நின்றுபோனது.

மூன்றாவதும் நன்றாக வந்தால் மரினா அடுத்த பகுதியைத் தோண்டலாம். அடுத்த பகுதி என்பது, ஆற்று முகத்தை ஒட்டி அர்ச்சுனனும் இன்னும் பத்துப் பேரும் தங்கள் சம்பான் படகுகளைக் கட்டிவைக்கிற பலகைத் துறை. எண்ணிக்கை பிசகினால் துறை இன்னொரு வருடம் பிழைக்கும்.

அதனால்தான் எலைன் உள்ளூர்ப் படகு கேட்டு வந்தபோது முதல் ஆளாகக் கை தூக்கினார். படகு ஓட்ட அல்ல, அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க.

பண்ணை மீனை வாங்கி வந்து முந்தின நாளே போட்டுவிடுகிறார்கள், அந்தப் பெண்ணும் கூட்டுக் களவாணி என்று துறை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டவர்களிடம் தெரியும்லா என்றார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு ஆதாரத்தோடு திறக்கலாம் என்றிருந்தார்.

எலைன் முதல் மீனை அளவுப் பலகையில் கிடத்தினாள். நல்ல ஜெனாஹாக் மீன். அவள் கை வாலை மறைத்தது. அர்ச்சுனன் கழுத்தை நீட்டினார்.

"என்ன அங்கிள், மீன விட்டுட்டு வாலையே பாக்குறீங்க?"

"சும்மாமா. எத்தன கிலோ தேறும்னு பாத்தேன்."

வாலைப் பார்த்து எடை சொல்கிற ஆள் ஜொகூரிலேயே கிடையாது. சொன்ன பிறகு அவருக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

அவள் கை விலகியது.

வாலின் மேல்நுனி இல்லை. கத்தரியால் நறுக்கிய நேர் வெட்டு.

அடுத்தது ஒரு கெராப்பு. அதிலும் வெட்டு. மூன்றாவது முழு வால். நான்காவதில் மறுபடியும் வெட்டு.

அது கத்தரி வெட்டேதான். அவர் மனைவி ராஜம்மா மீனுக்குச் செட்டை நறுக்குகிற கத்தரி. இப்போதும் அவர் காலடியில், மூடாத பெட்டியில் கிடக்கிறது.

போன எண்ணிக்கைக்கு முன்னால் இந்த வளைவில் ஆள் அரவம் இல்லாத நேரமாகப் பார்த்து வலை போட்டு, மீன்களை வாரிக்கொண்டு போய்த் தன் துறையில் விட்டவர் அவர்தான். அப்படியும் முப்பத்தொன்று வந்தது. காலி செய்த வீட்டில் ஏது மீன்? பண்ணை மீன்தான் என்று அன்றே முடிவு கட்டினார். போன வாரம் மறுபடியும் வாரினார். இந்தத் தடவை ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு நறுக்கு. இன்று முழு வால் மீனாகவே வந்தால் கம்பெனியின் சாயம் வெளுத்துவிடும்.

நான்காவது கூண்டு முடிந்தபோது மொத்தம் முப்பத்தெட்டு. இருபத்திரண்டில் வெட்டு.

யாரும் கொண்டுவந்து போடவில்லை. மூன்று கிலோமீட்டர் நீந்தி அவையாகவே வீடு திரும்பியிருக்கின்றன.

எலைன் பேனாவை மூடினாள். அவர் காலடிப் பெட்டியில் கிடந்த கத்தரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"யாரோ மீன்ல கைய வச்சிருக்காங்கன்னு மட்டும் எழுதினா இந்தக் கணக்கு செல்லாது அங்கிள், இன்னொரு வருஷம் ஆவும். ஆனா தூரத்துல விட்டும் திரும்பி வந்துச்சுன்னா, மீன் இங்க குடியேறிடுச்சுன்னு சொல்ல இதவிட பெரிய சாட்சி இல்ல."

யார் என்று அவள் கேட்கவில்லை.

"எங்க கொண்டுபோய் விட்டீங்க?"

தெரியாது என்ற ஒரு சொல் போதும், துறைக்கு ஒரு வருடம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இந்தப் பெண்ணைத் திருடி என்று பத்துப் பேரிடம் சொன்ன நாக்கும் அதுதான்.

பலகையில் கடைசி மீன் நறுக்கின வாலை அடித்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதைத் தூக்கித் தண்ணீரில் விட்டார். அது நேராகச் சிமெண்டுப் பெட்டியை நோக்கி இறங்கியது.

"நம்ம துறையிலதான்மா," என்றார். "என் சம்பான் கட்டுற பலகைக்கு நேர் கீழ."

எலைன் எழுதிக்கொண்டாள்.