பொயின்ற்றில் எண்ணெய்

வவுனியாவுக்கு ஆளேற்றிப்போக ஹயர் கிடைக்கும் நாளெல்லாம் பஞ்சலிங்கத்தின் மொறிஸ் மைனர் கார் கிளம்ப மறுத்தது.

"நாசமாய்ப்போன பொயின்ற்! துடைக்கத் துடைக்க எண்ணெய்!" என்று திட்டியபடி, அதற்குப் பதிலாக லண்டனிலிருந்து மைத்துனர் அனுப்பிய எலக்ட்ரோனிக் இக்னிஷனை மூன்றாவது தடவையாகக் கழற்றிப் பூட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சை பார் பூரணம், முந்தி பொயின்ற்றிலை ரெண்டு தகடு தொட்டு விலகினால்தான் நெருப்புப் பொறி வரும். எண்ணெய் பட்டால் கறண்ட் பாயாது. இது காந்தத்தாலை வேலை செய்யுது. தொடுற தகடே இல்லை."

"எண்ணெய் பட்டாலும் ஸ்ரார்ட் வருமோ?"

"வாளியோடை ஊத்தினாலும் வரும்!"

ஸ்ரார்ட்டரை இழுத்தார். ஒரே இழுவையில் எஞ்சின் உறுமியது.

பூரணம் எண்ணெய் விரலைச் சேலையில் துடைத்தபடி காரின் முன்னால் வந்து நின்றாள்.

"நேற்றும் வவுனியா ரோட்டிலை சுட்டவங்கள். இனி நான் உங்களை வேறை என்னத்தாலையப்பா மறிக்கிறது?"